நிலம் நடுங்கினால் நீர் நிற்குமா?



சிங்கப்பூரின் மேற்கே புக்கிட் பாத்தோக் என்றொரு வட்டாரம் இருப்பது நேயர்கள் அறிந்ததே. 'புக்கிட்' என்ற மலாய்ச் சொல்லுக்குக் குன்று என்பது பொருள். 'பாத்தோக்' என்பது இருமலைக் குறிக்கும் என்பார்கள். முன்னாளில் இங்கே வெடிவைத்துக் கருங்கல் உடைத்தபோது எழுந்த ஓசை, குன்றே இருமுவதுபோல் கேட்டதாம். அதனால் வந்த பெயர் என்பது ஒரு கதை. சாவக மொழியில் அச்சொல் தேங்காயைக் குறிப்பது, இங்கே தென்னைகள் இருந்திருக்கலாம் என்பது இன்னொரு கதை. எந்தக் கதை மெய்யாயினும், கல்லுடைத்தது மட்டும் மெய். உடைத்த பள்ளங்களில் ஒன்று இன்று நீர் நிறைந்த குளமாகி, 'சின்னக் குயிலின்' என்ற பெயருடன் அழகிய பூங்காவாக விளங்குகிறது.

சென்ற பள்ளி விடுமுறையில், ஜொகூரில் உள்ள எங்கள் தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு இந்தக் குளத்தைக் காண வந்தோம். மாணவி ஒருத்தியின் அத்தை இதே புக்கிட் பாத்தோக்கில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கிறார். அத்தையின் கணவர் இராதாபுரத்துக்காரர். முதல் நாள் இரவு சாப்பாட்டு வேளையில் அவர் சொன்ன செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள்: "ஐயா, கூடங்குளத்து அணு உலைக்குள்ளேயும் ஒரு குளம் இருக்காமே? நிலம் ஆடினால் அந்தத் தண்ணீர் என்ன ஆகும்?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்ட கேள்விதான். ஆனால் உலகத்து அணு அறிஞர்கள் பலரையும் ஒரு காலத்தில் உறங்கவிடாமல் செய்த கேள்வியும் இதுவே. இன்றைய உரையில் இதற்கு விடை காண முயல்வோம்.

முதலில், அணு உலைக்குக் குளம் எதற்கு? அணு உலையில் எரிபொருளாவது யுரேனியம். சிறு சிறு வில்லைகளாகச் செய்து, சிர்க்கோனியம் என்ற உலோகத்தாலான மெல்லிய நீண்ட குழாய்களில் அவற்றை அடுக்குகிறார்கள். அக்குழாய்கள் பலவற்றைக் கட்டாகக் கட்டி உலையில் இறக்குகிறார்கள். சில ஆண்டுகள் உழைத்தபின் அந்தக் கட்டு பயன்தீர்ந்து போகிறது. விறகடுப்பாக இருந்தால், எரிந்து தீர்ந்தபின் சாம்பலை அள்ளிக் கொட்டிவிடலாம். இந்தச் சாம்பலோ அத்தகையதன்று. உலையை நிறுத்திய பிறகும் அது தானாகவே சூட்டை வெளியிட்டுக்கொண்டிருக்கும். நிறுத்திய அந்நொடியில் உலையின் முழு வெப்பத்தில் ஏறக்குறைய நூற்றில் ஆறு பங்கு எஞ்சியிருக்கும். ஒரு நாளில் அது நூற்றில் அரைப்பங்காகக் குறையும். அதன்பின் மெல்ல மெல்லத்தான் தணியும். பத்தாண்டுகள் கழித்தும் ஒரு டன் எரிபொருளிலிருந்து, துணி தேய்க்கும் மின்பெட்டி ஒன்றோ இரண்டோ தரக்கூடிய சூடு வந்துகொண்டே இருக்கும். அணைத்தாலும் அணையாத அடுப்பு என்று இதனைச் சொல்லலாம்.

ஆகவே, உலையிலிருந்து எடுத்த எரிபொருளை உடனே ஆழமான நீர்த்தொட்டியில் இறக்கிவிடுகிறார்கள். இதையே எரிபொருள் குளம் என்கிறோம். தடித்த கான்கிரீட் சுவர், அதன் உட்புறம் துருப்பிடிக்காத எஃகுத் தகடு, அடியில் எரிபொருள் கட்டுகளை நிறுத்திவைக்கும் சட்டங்கள், கட்டுகளுக்கு மேலே ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். இந்தத் தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சூட்டை வாங்கிக்கொள்கிறது. மற்றொன்று, கதிர்வீச்சைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால்தான் பணியாளர்கள் குளக்கரையில் நின்று வேலை செய்ய முடிகிறது. சூடேறும் நீரை பம்புகள் இழுத்துக் குளிர்வித்து மீண்டும் குளத்துக்கே அனுப்பும்.

நீர் வற்றி எரிபொருள் வெளியே தெரியுமானால் சிர்க்கோனியக் குழாய்கள் சூடேறும். புதிதாக இறக்கிய எரிபொருளாக இருந்தால் அவை தீப்பற்றவும் கூடும். உள்ளே அடைபட்டிருக்கும் சீசியம் போன்ற கதிரியக்கப் பொருள்கள் காற்றில் கலந்துவிடும். சீசியம்-137 என்ற வகை பாதியாகக் குறைவதற்கே 30 ஆண்டுகள் ஆகும். ஆக, குளத்தில் நீர் நிற்கும் வரையில் பயமில்லை. நீர் போனால் எல்லாம் போயிற்று.

இனி நிலநடுக்கத்திற்கு வருவோம். சிங்கப்பூரில் நிலநடுக்கமா என்று சிலர் வியக்கலாம். நம் காலடியில் பெரிய பிளவு எதுவும் இல்லை. ஆனால் சுமத்திரா அதிர்ந்தால் நமக்கும் தெரிகிறது. 2007 மார்ச் 6 அன்று, நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் பாடாங் நகருக்கு அருகே 6.4 அளவுள்ள நிலநடுக்கம் உண்டானபோது, சிங்கப்பூரில் பல கட்டடங்களிலிருந்து மக்கள் இறங்கி வெளியே வந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று பெங்கூலுவை உலுக்கிய 8.4 அளவு நிலநடுக்கமும் இங்கே உணரப்பட்டது. மாடி வீடுகளில் தொங்குவிளக்கு ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

தரையில் நடந்தவருக்கு ஒன்றும் தெரியாமல் போக, மாடியில் இருந்தவருக்குத் தலை சுற்றியது ஏன்? நிலநடுக்கத்தில் படபடவென்று அதிரும் அலைகளும் உண்டு. மெதுவாக, நீளமாக அசையும் அலைகளும் உண்டு. படபட அலைகள் வழியிலேயே சோர்ந்துவிடும். மெதுவான அலைகள் நெடுந்தொலைவு செல்லும். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்பத் தள்ளினால் சிறு கையாலும் உயரத்திற்கு ஆட்டிவிடலாம் அல்லவா? அதுபோல, உயரமான கட்டடத்தின் இயல்பான ஆட்டமும் அலையின் ஆட்டமும் ஒத்துப்போனால், கட்டடம் நன்றாகவே ஆடும். மேல்மாடி அதிகமாக ஆடும். புக்கிட் பாத்தோக்கைப்போல் அடியில் பாறை இருந்தால் அதிர்வு குறையும். கடலோரத்துச் சேற்று மண்ணாக இருந்தால் கூடும்.

இந்த ஊஞ்சல் கணக்கு நீருக்கும் பொருந்தும். தோட்டத்தில் பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து வாளியில் சுமந்தவர்களுக்கு இது தெரியும். நடையும் நீரின் ஆட்டமும் ஒத்துவிட்டால், வீடு வருவதற்குள் வாளியில் பாதிதான் இருக்கும். அதனால் நம் தாய்மார்கள் நீரின்மேல் இரண்டு இலைகளைக் கிள்ளிப் போடுவார்கள், அலை அடங்கிவிடும். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு குளத்தில் நீர் ஒருமுறை முன்னும் பின்னும் சென்று வர ஏறத்தாழ நான்கு விநாடி ஆகும். நெடுந்தொலைவிலிருந்து வரும் மெதுவான அலைகளுக்கு இது இசைவான தாளம்.

ஜப்பானில் இது நடந்தே இருக்கிறது. 2007 ஜூலை 16 அன்று காஷிவாசாக்கி-காரிவா அணுமின் நிலையத்திற்கு அருகே நிலம் அதிர்ந்தபோது, குளத்து நீர் தளும்பித் தரையில் கொட்டியது. அதில் ஓராயிரம் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர், மின்கம்பிகள் செல்லும் துளை வழியாகக் கசிந்து கடலையும் அடைந்தது. 2024 சனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில், ஷிகா அணுமின் நிலையத்தின் இரு குளங்களிலிருந்தும் சேர்த்து நானூறு லிட்டருக்கு மேல் நீர் தளும்பியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளம் ஒன்றின் கொள்ளளவு ஆயிரம் டன்னுக்கும் மேல். தளும்பியது அதில் மிகச் சிறு பங்கே. எனவே தளும்புவதால் மட்டும் குளம் வற்றிவிடாது.

குளத்தைக் கட்டுவோரும் முன்யோசனையோடுதான் கட்டுகிறார்கள். வீட்டுத் தொட்டியில் இருப்பதுபோல் அடியில் வடிகால் துளை வைப்பதில்லை. நீர்க்குழாய்கள் மேல்பக்கமாகவே வரும். குழாய் உடைந்தாலும் நீர் உறிஞ்சப்பட்டு வெளியேறாதபடி அதில் சிறு காற்றுத்துளை வைப்பதுண்டு. எரிபொருளைத் தாங்கும் சட்டங்களையும், குலுக்கலில் கட்டுகள் நெருங்கிவிடாதபடி அமைக்கிறார்கள். அப்படியானால் ஆபத்து எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை சொன்னது ஃபுக்குஷிமா.

2011 மார்ச் 11 பிற்பகல் 2 மணி 46 நிமிடத்திற்கு ஜப்பானின் கிழக்குக் கடலில் 9.0 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. ஃபுக்குஷிமா டாய்ச்சி நிலையத்தின் நான்காம் உலை அப்போது இயங்கவே இல்லை. பழுதுபார்ப்பதற்காக முன்னாண்டு நவம்பர் மாதமே நிறுத்தி, எரிபொருள் முழுவதையும் குளத்திற்கு மாற்றியிருந்தார்கள். குளத்தில் மொத்தம் 1,535 கட்டுகள். அதில் 1,331 பயன்படுத்தியவை, 204 புதியவை. இந்தக் குளம் நம் 'சின்னக் குயிலின்' குளம்போல் பாறையில் வெட்டியதன்று. உலைக்கட்டடத்தின் மேல்தளத்தில் அமைந்தது. அடுக்குமாடியின் உச்சியில் ஒரு குளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்!

அவ்வளவு பெரிய குலுக்கலிலும் குளத்துச் சுவர் உடையவில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுந்தது. பின்னால் வந்த ஆழிப்பேரலை, டீசல் மின்னாக்கிகளையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. பம்புகள் நின்றன. நீர் சூடேறத் தொடங்கியது.

இங்கே எங்கள் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை நேயர்களுக்கும் சொல்கிறோம். அந்தக் குளத்தில் பிறந்த வெப்பம் சுமார் 2 மெகாவாட்; அதாவது, இரண்டாயிரம் துணி தேய்க்கும் பெட்டிகளின் சூடு. குளத்து நீர் கொதிநிலையை அடைய இரண்டு மூன்று நாளாகும். அதன்பின், விநாடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகும். ஒரு நாளைக்கு எண்பது டன். பன்னிரண்டு மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் கொண்ட குளத்தில் எண்பது டன் குறைந்தால், நீர்மட்டம் இரண்டடிக்குச் சற்று மேல் இறங்கும். எரிபொருளின் தலைக்கு மேலே இருப்பது 7 மீட்டர். ஆக, கொதித்து வற்றி எரிபொருள் தலைகாட்டப் பத்து நாள். கொதிப்பதற்கான நாளையும் சேர்த்தால் பன்னிரண்டு, பதின்மூன்று நாள். அதற்குள் யாராவது தண்ணீர் கொண்டுவந்தாக வேண்டும்.

மார்ச் 15 காலை அக்கட்டடத்தின் மேற்பகுதி வெடித்துச் சிதறியது. அதற்குக் காரணமான ஹைட்ரஜன் வாயு, பக்கத்து மூன்றாம் உலையிலிருந்து பொதுக்குழாய் வழியாக வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றோ, குளம் வற்றிவிட்டது போலும் என்ற அச்சம் உலகெங்கும் பரவியது. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், குளத்தில் நீரில்லை என்றே மார்ச் 16 அன்று தம் நாட்டு மக்களவைக் குழுவின்முன் கூறினார். அது தவறென்று பின்னர் தெளிவாயிற்று. மார்ச் 20 முதல் வெளியிலிருந்து நீர் பீய்ச்சினார்கள். 22ஆம் நாள் முதல், மாடிக் கட்டடங்களுக்குக் கான்கிரீட் ஏற்றும் நீண்ட கை கொண்ட லாரியைக் கொண்டுவந்து, மேலிருந்து நீரை ஊற்றினார்கள். நிலநடுக்கம் நேர்ந்து அன்றைக்குப் பதினொரு நாளாகியிருந்தது! நம் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நல்வாய்ப்பும் ஒன்று துணைசெய்தது. பழுதுபார்க்கும் வேலைக்காகப் பக்கத்து உலைக்கிணற்றில் நீர் நிரப்பியிருந்தார்கள். இரண்டிற்கும் இடைப்பட்ட கதவு வழியாக அந்த நீர் குளத்திற்குள் வந்து சேர்ந்தது. எவரும் திட்டமிட்ட பாதுகாப்பன்று இது. பின்பு குளத்தின் அடியில் எஃகுத் தூண்களும் கான்கிரீட்டும் கொடுத்து வலுப்படுத்தினார்கள். 2013 நவம்பரில் எரிபொருளை வெளியே எடுக்கத் தொடங்கி, 2014 டிசம்பரில் கடைசிக் கட்டையும் எடுத்து முடித்தார்கள்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? சுவர் வலுவாயிருப்பது அவசியந்தான். ஆனால் அது மட்டும் போதாது. குளத்தின் பாதுகாப்பை நாள் கணக்கில் அளக்க வேண்டும். பம்பும் மின்சாரமும் நின்றுபோனால், இந்தக் குளம் நமக்கு எத்தனை நாள் அவகாசம் தரும்? எரிபொருள் புதிதாகவும் நெருக்கமாகவும் இருந்தால் அவகாசம் குறையும். பழையதாகவும் அளவாகவும் இருந்தால் கூடும்.

ஆகவேதான், ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ நீரில் ஆறிய எரிபொருளை உலர்கலங்களுக்கு மாற்றும் முறை வந்தது. எஃகாலும் கான்கிரீட்டாலும் ஆன பெரிய உருளைகள் அவை. அவற்றைச் சுற்றிச் செல்லும் காற்றே சூட்டைக் கொண்டுபோகும். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அதே ஃபுக்குஷிமாவில் 9 உலர்கலங்களில் 408 கட்டுகள் இருந்தன. அவை இருந்த கட்டடத்திற்குள் ஆழிப்பேரலை புகுந்து, மணலையும் குப்பையையும் குவித்துவிட்டுப் போயிற்று. கலங்களுக்குள் இருந்த எரிபொருளுக்கு எந்தச் சேதமும் இல்லை. அதே 2011 ஆகஸ்டு 23 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 5.8 அளவு நிலநடுக்கம் உண்டாயிற்று. நார்த் அன்னா நிலையத்தில் நூறு டன்னுக்கும் மேல் எடையுள்ள கலங்கள் சில அங்குலம் நகர்ந்துவிட்டன! இருந்தும் எதுவும் உடையவில்லை, கசியவில்லை. என்றாலும், உலையிலிருந்து சுடச்சுட வந்த எரிபொருளை நேரே கலத்தில் வைக்க இயலாது. எனவே குளம் வேண்டியதே. பழையதை அங்கேயே தேக்கிவைப்பதுதான் வேண்டாதது.

இனித் தமிழகத்தை நோக்குவோம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராக் கடலடியில் எழுந்த 9.1 அளவு நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை, வங்கக்கடலைக் கடந்து கல்பாக்கத்தையும் தாக்கியது. அணுமின் நிலையத்தின் கடல்நீர் பம்பு அறைக்குள் நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பணியாளர்கள் உடனே நிறுத்திப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்தார்கள். கதிரியக்க விபத்து எதுவும் இல்லை. ஆனால் நகரியத்தில் பல உயிர்கள் பறிபோயின. நம் பக்கத்திலுள்ள அதே சுமத்திராதான் அங்கும் கைநீட்டியது என்பதை மறக்கக்கூடாது. அங்கேயும் முதலில் நனைந்தது சுவரன்று, பம்பு.

கூடங்குளத்தின் முதல் உலை 2014 டிசம்பர் 31 முதலும், இரண்டாம் உலை 2017 மார்ச் 31 முதலும் வணிக முறையில் மின்சாரம் தருகின்றன. ஒவ்வொன்றும் ஆயிரம் மெகாவாட். 2002இல் வெளியான இந்திய நிலநடுக்க வரைபடம் அவ்விடத்தை மிகக் குறைந்த அபாயமுள்ள இரண்டாம் மண்டலத்தில் காட்டியது. அங்கே எரிபொருள் குளம், உலையை மூடியிருக்கும் தடித்த கவசக் கட்டடத்திற்குள்ளேயே இருக்கிறது. ஃபுக்குஷிமாவின் மெலிந்த மேற்கூரையோடு ஒப்பிட்டால் இது பெரிய நன்மையே. ஃபுக்குஷிமாவிற்குப் பிறகு இந்திய உலைகளை ஆராய்ந்த குழுக்கள், வெளியிலிருந்து குளத்திற்கு நீர் ஏற்றும் குழாய் இணைப்புகள் வேண்டும் என்று பரிந்துரைத்தன. தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து மாட்டினால் நீர் உள்ளே போகவேண்டும் என்பது கருத்து.

ஆனால் குளம் ஒருநாள் நிறையும். உலைக்கு வெளியே தனிச் சேமிப்பகம் கட்டவேண்டும் என்ற கேள்வி, 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலேயே எழுந்தது. கட்டுவதற்குத் தந்த காலம் போதவில்லை என்று அணுமின் கழகம் கேட்க, 2018இல் நீதிமன்றம் கால நீட்டிப்பு வழங்கியது. அதற்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2019 சூலை 10 அன்று இராதாபுரத்தில் நடக்கும் என்று அறிவித்து, பிறகு தள்ளிவைத்தார்கள். நம் மாணவியின் மாமா சாப்பாட்டு வேளையில் பேசியது இதைப் பற்றித்தான். அவ்வூர் மக்கள் கேட்பதில் நியாயமில்லை என்று யார் சொல்ல முடியும்? மின்சாரம் பல ஊர்களுக்குப் போகிறது. தீர்ந்த எரிபொருள் ஓர் ஊரில் தங்குகிறது.

சிங்கப்பூரில் அணுமின் நிலையம் இல்லை. அப்போதைய தொழில்நுட்பம் இத்தீவுக்கு ஏற்றதாகாது என்று 2012இல் வெளியான ஆய்வு முடிவு கூறியது. இப்போது புதுவகை உலைகளைப் பற்றி மீண்டும் ஆராய்கிறார்கள். மலேசியாவில் பாங்கியில் 1982 முதல் இயங்கும் ஆராய்ச்சி உலை, ஒரு மெகாவாட் வெப்பமே தரும் சிறிய உலை. அண்டை நாடுகளில் நாளை பெரிய உலைகள் வரலாம். அன்று, "நில அதிர்வைத் தாங்குமா?" என்று மட்டும் கேட்டால், "தாங்கும்" என்ற விடை எளிதில் கிடைத்துவிடும். "பம்பு நின்றால் எத்தனை நாள்? குளத்தில் இருப்பது எத்தனை ஆண்டுப் பழைய எரிபொருள்? ஆறியதை எப்போது, எங்கே மாற்றுவீர்கள்? சாலை உடைந்து கிடக்கும்போது தண்ணீர் எவ்வழியாக வரும்?" என்று கேட்கவேண்டும். இவற்றுக்கு எண்ணால் விடை சொல்லவேண்டியிருக்கும். எண்ணை நாமே சரிபார்க்கலாம். ஆறாம் ஆண்டுக் கணக்கு அதற்குப் போதும்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து திரும்பியதும் பள்ளித் திடலில் ஒரு வாளி நீரை வைத்து மாணவர்களைச் சுமக்கச் சொன்னோம். முதல் பையன் பாதியைச் சிந்திவிட்டான். அடுத்தவன் இரண்டு இலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தான், ஓரளவு தப்பியது. கேள்வி கேட்ட அந்தப் பெண் மட்டும் நீரைப் பாதிக்குக் குறைத்துக்கொண்டு நடந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஏனம்மா குறைத்தாய் என்று கேட்டோம். "முழுசா நிறைச்சால்தானே ஐயா பயம்?" என்றாள்.

குளத்தில் நீரைக் குறைக்கக்கூடாது. ஆறிய எரிபொருளைத்தான் குறைக்கவேண்டும் என்று அவளுக்குத் திருத்திச் சொன்னோம். ஆனாலும், தாங்கக்கூடிய அளவே சுமக்கவேண்டும் என்று அவள் கண்டுகொண்டது சரிதான்.